கரைவலையில் என் பங்கு

விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனால் என்ன செய்யலாம் என்று என் மாமியைக் கேட்டால் அவா ஒரே சொல்லில் முடித்துவிடுவா: பார்க்கலாம். கடலைப் பார்க்கலாம், வெளிச்ச வீட்டைப் பார்க்கலாம், வெயில் தாழ்ந்த பிறகு காற்று வாங்கலாம். கால் மட்டும் நனைக்கக் கூடாது. நனைத்தால் சளி பிடிக்கும், சட்டை பழுதாகும், பொம்பிளைப் பிள்ளைக்கு அது அழகில்லை.

மாமி அப்பாவின் மூத்த அக்கா. அவாவின் கணவருக்கு முல்லைத்தீவில் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, காடு வெட்டி வயல் செய்துகொண்டிருந்தோம். எனக்குப் பத்து வயதாகியும் கடலைக் கண்டதில்லை. அந்த ஓகஸ்ட் விடுமுறையில் மாமி கூப்பிட்டனுப்ப, அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் பஸ் மாறிப் போய் இறங்கினோம்.

முதல் நாளே தம்பி கடலில் இறங்கினான். ஆம்பிளைப் பிள்ளையாம்! அவன் விழுந்து, உப்புத்தண்ணி குடித்து, சிரித்துக்கொண்டு எழும்பினதை நான் மணலில் மாமிக்குப் பக்கத்தில் முழங்காலை மூடிக்கொண்டிருந்து பார்த்தேன். சும்மா பார்க்கிறதுக்கு எங்கள் ஊர் வாய்க்கால் காணாதா?

அடுத்த நாள் காலை மாமி கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து ஓடினேன். கடற்கரையில் பாட்டுப் பாடிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நின்று கரைக்கு இழுப்பார்கள். ஒரு பக்கத்தில் ஆள் குறைவாக இருந்தது. நான் ஒருவரையும் கேட்கவில்லை. போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"எடி பிள்ளை, கை உரியும். விடு," என்றார் முன்னால் நின்றவர்.

"உரிஞ்சால் உரியட்டும்."

அவர் சிரித்துவிட்டு, நிறுத்தின பாட்டைத் திரும்பத் தொடங்கினார். இழுத்துக்கொண்டே பின்னுக்கு நடந்து, பிறகு ஓடிவந்து அலைக்குள் நின்று மறுபடி பிடிக்க வேண்டும். கை உரிந்ததுதான். உப்புப் பட்டு எரிந்தது. இடுப்புவரை நனைந்தேன். ஐயோ, அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்ல!

வலை கரையேறியது. சூடையும் காரலும் மணலில் துள்ளின. நான் போகத் திரும்ப, வலையின் சொந்தக்காரச் சம்மாட்டி கூப்பிட்டார்.

"நில்லு பிள்ளை. கயித்தில கை வைச்ச ஆளைக் கறியில்லாமல் அனுப்பிறேல்லை. சட்டையைப் பிடி."

விடுமுறைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையை மடியாக ஏந்தினேன். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். நான் ராசாத்தி மாதிரி நடந்து வந்தேன்.

மாமி வேலிப் படலையில் நின்றா.

"கண்டவன்ர மீனை ஏந்திக்கொண்டு வாறாய். எறியடி அங்கால!"

"எறியமாட்டன். இது நான் இழுத்த மீன்."

முதுகில் அடி விழுந்தது. சட்டையை விடவில்லை. மாமி வீட்டில் மீன் சமைக்காமல் இல்லை. வாசலுக்கு வருகிற மீன்காரனிடம் பேரம் பேசி வாங்குவா. வாங்கின மீன் மரியாதை, இழுத்த மீன் மானக்கேடு. சத்தம் கேட்டு அம்மா வெளியே வர, மாமி அவாவின் பக்கம் திரும்பினா.

"பாரும் உம்மட வளர்ப்பை! தாய் கூலியாக்களோட சேத்துக்குள்ள, மகள் கடலுக்குள்ள. எங்கட மானம் போச்சு."

மாமி என்ன சொன்னாலும் "ஓம் மச்சாள்" என்பதுதான் அம்மாவின் வழக்கம். இப்போது அவாவே பிடுங்கி எறியப் போறா என்று நான் சட்டையை இன்னும் இறுக்கினேன். அம்மா என் ஒரு கையை எடுத்து விரித்து, உரிந்த தோலைப் பார்த்தா.

"பிள்ளை இரந்து வாங்கேல்லை, மச்சாள். வேலை செய்து வாங்கினது. எறிய விடமாட்டன்."

"என்ர குசினிக்குள்ள அது வரக்கூடாது!"

"வராது."

பக்கத்து வீட்டில் சட்டி இரவல் வாங்கி, வேலியோரம் மூன்று கல் வைத்தா அம்மா. அப்பா அக்காவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், செருமினார், பிறகு போய் விறகு பொறுக்கிக்கொண்டு வந்தார். பாவம் மனுசன், அவரால் ஏலுமான வீரம் அவ்வளவுதான். பூவரச மரத்தடியில் நாங்கள் நாலு பேரும் சாப்பிட, மாமி யன்னலை அடித்துச் சாத்தினா.

அன்று பின்னேரம் ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு முதல் அம்மா எங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, என்னையும் இழுத்தா. கரையில் நின்ற சனம் பார்த்தது. "பாக்கட்டும்," என்றா.

மாமி பிறகு எங்களைக் கூப்பிடவேயில்லை. எனக்கோ பெருமையில் சரியான புழுகம். என் மீனுக்காக அம்மா மாமியையே எதிர்த்தா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எனக்காக மட்டும்தான் அவா கதைத்தா என்று நம்பியிருந்தேன். வயலில் களை பிடுங்கியும் நெல் அருவி வெட்டியும் அம்மாவின் உள்ளங்கை காய்த்துப்போய்க் கிடந்தது. எல்லா அம்மாமாருக்கும் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.