வைக்கோல் போரில் இறங்கிய விமானம்

எட்டு வயதுவரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. மீனாட்சிபுரம் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை எட்டு வயதில் மொட்டைக் காதோடு திரிவது சின்ன விஷயமா? பள்ளிக்கூடத்தில் என்னைப் பையன்கள் வரிசையில் போய் நிற்கச் சொல்லுவார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்து, டீச்சரிடம் அடியும் வாங்கியிருக்கிறேன். தோடு எப்போதோ செய்து பெட்டிக்குள் இருந்தது. இல்லாதது மாமன் மடிதான்.

மாமா என்னவோ இருந்தார். எங்கள் களத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அம்மாவின் ஒரே தம்பியான அவருடைய வீடு அந்தப் பக்கம். கூப்பிட்டால் குரல் கேட்கும். ஆனால் கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அப்பா வெற்றிலைத் தட்டை மாமாவுக்கு நீட்டுவதற்கு முன்னால் வேறொரு மச்சானுக்கு நீட்டிவிட்டார். அவ்வளவுதான் சண்டை. மாமா, கூப்பிடாமல் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். அப்பா, வந்தால் வரட்டும், நானாகக் கூப்பிட மாட்டேன் என்றார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நடுவில் என் காது மாட்டிக்கொண்டது.

“மாமன் மடியில்லாமக் காது குத்துனா ஊரே சிரிக்குமுங்க” என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். உடனே அப்பாவுக்கு எருமையைப் பார்க்கப் போகவேண்டிய வேலை வந்துவிடும்.

மாமா கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு வருவார். ஒருமுறை கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, விளையாடி அலுத்து, மூலையில் போட்டிருந்ததாம். கேட்டு வாங்கிப் பழுது பார்த்திருக்கிறார். பெட்டியில் இருக்கும் குச்சியை அசைத்தால், எங்கேயோ தள்ளி வைத்திருக்கும் இன்னொரு குட்டிப் பெட்டியில் ஒரு கம்பி அசைந்தது. நடுவில் ஒயரே கிடையாது. கூடவே எலுமிச்சம்பழம் பருமனில் ஒரு எஞ்சினும் இருந்தது. இதை வைத்து விமானம் செய்து பறக்கவிடப் போகிறேன் என்றார். அந்தக் காலத்துச் சண்டைகளில் பறந்ததே, ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை இறக்கை வைத்த விமானம், அதுதான்.

பெரியவர்கள் சண்டை எனக்குக் கிடையாது. ஞாயிறு விடிந்ததும் வாய்க்காலைத் தாண்டி ஓடிவிடுவேன். கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெண் பெயர் வெட்டி ஒட்டுவார்களே, அந்தத் தெர்மாக்கோல் பலகைதான் விமானத்துக்கு உடம்பு. மாமா அதைப் பிளேடால் அறுப்பார். நான் உப்புத்தாளால் தேய்ப்பேன். தலைமுடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொரி ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தி உதறுவாள்.

முதல் இறக்கைக்கு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டை நான்தான் ஆசையாக அடித்தேன். அடிக்க அடிக்க இறக்கை உருகிக் குழிந்துபோயிற்று. நான் வாய்விட்டு அழுதேன். மாமாவோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்புறம் மைதாப் பசை காய்ச்சி, மலையாளப் பத்திரிகையைக் கிழித்துக் கிழித்து ஒட்டிக் காயவைத்தோம். இறக்கை முழுக்க யார் யாருடைய சாவு அறிவிப்போ இருந்தது. அபசகுனம் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் அவற்றின்மேல் மட்டும் மஞ்சள் பூசினோம்.

இந்தக் கதையெல்லாம் நான் சாப்பிடும்போது சொல்ல, அப்பா காதில் விழாதவர்போலச் சாப்பிடுவார். இறக்கைக்கு நடுவில் வைக்க நல்ல மூங்கில் சிம்பு கிடைக்கவில்லை என்று ஒருநாள் சொன்னேன். அப்பா தண்ணீர்ச் செம்பைப் பார்த்துச் சொன்னார்: “கெணத்து மேட்டுல மூங்கலு ஒண்ணு காஞ்சு கெடக்குது. ஆரு வேணுமின்னாலும் எடுத்துக்கலாம்.” அடுத்த நாள் போய்ப் பார்த்தால், காய்ந்து கிடந்த மூங்கில் அளவாகத் துண்டுபோட்டுக் கட்டியே கிடந்தது. நான் அதிர்ஷ்டம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பறக்கவிடும் நாளில் மாமா வீட்டை ஒட்டிய அறுத்த வயலில் பாதி ஊர் கூடிவிட்டது. மாமா விமானத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். எஞ்சினுக்கு ஊற்றும் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்திருந்ததால், கிளப்பியதும் வயலெங்கும் விளக்கெண்ணெய் கருகும் வாடை. இரைந்துகொண்டே ஓடி, வரப்பில் இடிக்கப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்ட நேரத்தில் எழும்பிவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. மாமா பெட்டிக் குச்சியை அசைக்க, அது தென்னை உயரத்தில் வட்டமடித்தது. அப்புறம் திடீரென்று திரும்பி, சோதனைச் சாவடிக்காரர் யாரையும் கேட்காமல் வாய்க்காலைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய், தாழ்ந்து, எங்கள் வீட்டு வைக்கோல் போரில் மூக்கைக் குத்திக்கொண்டது.

நான்தான் முதலில் ஓடினேன். பின்னாலேயே பெட்டியைக் கையில் பிடித்தபடி மாமா. எங்கள் வாசல் படல் வந்ததும் நின்றுவிட்டார். “ஏறி எடுத்துட்டு வா அம்மிணி” என்றார். நான் போரில் ஏறப் போனேன். அம்மா என் சடையை எட்டிப் பிடித்தாள்.

“நீ தொடாத. ஒடையற சாமானம். செஞ்சவிங்களே வந்து எடுக்கட்டும்.”

மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் அப்பா நின்றிருந்தார். படலுக்கு வெளியே மாமா. விமானத்தின் வால் மட்டும் வைக்கோலுக்கு வெளியே தெரிந்தது. எருமை ஒன்று நடந்துபோய்க் கழுத்தை எக்கி அதை மோந்து பார்த்தது. கடித்துத் தின்றுவிடுமோ என்று எனக்கு உயிரே போயிற்று. “அப்பா, மாமாவ வரச் சொல்லுங்கப்பா” என்று கத்தி அழுதேன்.

அப்பா எருமையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க மாப்ள. உள்ள வாங்க” என்றார்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் விமானத்தின் பக்கமே போகவில்லை. நேராகப் போய் வாசல் கட்டிலில் அப்பாவோடு உட்கார்ந்தார். அம்மா உள்ளே போய் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மோர் வந்தது, அப்புறம் காப்பி வந்தது, அப்புறம் சாப்பாட்டுக்கு இலையே போட்டாகிவிட்டது. உடைந்த இறக்கையை நான் தனியாகத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தை பிறந்ததும் குலதெய்வக் கோயிலில் மாமா மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். நான் போட்ட கூச்சலில் ஆசாரியே ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறு, ஒட்டுப்போட்ட விமானத்தை மாமா மறுபடி பறக்கவிட்டார். சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் இறங்கி, அவர் காலடியில் வந்து நின்றது.

“ஏனுங் மாமா, அன்னிக்கு மட்டும் ஏன் அப்பிடி உழுந்துச்சு?” என்று கேட்டேன்.

“காத்து அம்மிணி. காத்து இழுத்துட்டுப் போயிருச்சு” என்றார்.

எதற்கும் அப்பாவையும் கேட்டுவைத்தேன். “ஆமா கண்ணு, அன்னிக்கு நல்ல காத்து” என்றார் அவரும்.

விமானம் போரில் விழுந்த அன்றைக்கு அப்பா விடியற்காலமே நெல் தூற்றக் களத்துக்குப் போனவர். முறத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து காத்திருந்து, ஒரு இலைகூட அசையவில்லையே என்று சலித்துக்கொண்டு, தூற்றாமலே வீடு திரும்பியிருந்தார். அவர் சலித்துக்கொண்டதை நானும் கேட்டேன். இருந்தும், புதுத் தோட்டை ஆட்டி ஆட்டிக்கொண்டு, எங்கள் மாமாவுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும், பாழாய்ப்போன காற்றுதான் கெடுத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியிடமும் சண்டைக்கு நின்றேன்.