ஜாலியை அடைத்த கதை

எங்கள் கல்லூரியில் வேலையாட்கள் என்னை ‘ஜாலி சாப்’ என்கிறார்கள். நான் கலகலப்பான ஆள் என்று தமிழ் வாத்தியார்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஊர் இந்தியில் ஜாலி என்றால் ஓட்டைகள் விட்டுக் கட்டிய சுவர். கொசுவலைக்கும் அதே பெயர். போலிக்கும் அதே பெயர்.

புதிய வகுப்பறைக் கட்டடத்தில் ஏசி கிடையாது. கடல்காற்று மேற்குச் சுவரின் ஓட்டைகள் வழியே நுழைந்து எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். மொத்த வடிவமைப்பும் அதை நம்பித்தான். பராமரிப்பு என் பொறுப்பு. கொசு கடிக்கிறது என்று பிள்ளைகள் புகார் செய்தார்கள். ஓட்டைகளுக்கு வலை அடிக்கச் சொல்ல மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

அவரும் தமிழர்தான், படகில் போகும் அக்கரை ஊரான பாம்பூஃப்ளாட்காரர். ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், சுற்றிலும் வங்காளி, தெலுங்கு ஆட்கள். சைட் என்றாலே இந்திதான். “மச்சர் ஆ ரஹா ஹை, ஜாலி பந்த் கரோ” என்று அதிகாரமாகச் சொன்னேன். வலை போட்டு மூடு என்பது என் நினைப்பு; சொன்னதோ ‘கொசு வருது, ஜாலியை அடை’ என்று. தமிழில் ‘வலை அடிங்க’ என்று சொல்ல எனக்கு என்ன கேடு?

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், ஓட்டை முழுக்கச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார். அறை அடுப்பாகக் கொதித்தது.

முதல்வர் கத்தினார். “யாருய்யா அடைக்கச் சொன்னது? இவருக்கா புது ஹாஸ்டல் கட்டற வேலையையும் குடுக்கப்போறோம்?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“நான்தான் சார் தப்பா கேட்டுட்டேன்” என்றார் அவர். என்னைக் காப்பாற்றினால் நான் அவருக்காகப் பேசுவேன் என்று நம்பியிருக்கிறார். நான் பேசவில்லை. ஹாஸ்டல் வேலை வேறு ஆளுக்குப் போனது.

அந்தப் புது ஆள்தான் இப்போது ஓட்டைகளை உடைத்துத் திறக்கிறார். ஓட்டைகளோடு பாதிச் சுவரும் பெயர்ந்து, மழை நேராக பெஞ்சில் விழுகிறது.

இந்த வாரம்தான் முதல்வரிடம் உண்மையைச் சொன்னேன். “அட விடுங்க, அதான் ஆள மாத்தியாச்சே” என்று சிரித்தார். எனக்கு ஒரு திட்டுகூட இல்லை. வெட்கம் கெட்ட பிழைப்பு.

நேற்று படகுத்துறையில் மேஸ்திரியைப் பிடித்து அதைச் சொன்னேன்.

“சொல்லிட்டீங்களா? இப்ப நெஞ்சு லேசாயிருச்சா?”

“அண்ணே, ஹாஸ்டலுக்கு இன்னொரு தடவ கேட்டுப் பாக்கறேன்...”

“இந்தியிலேயே பேசுங்க சாப். நீங்க தமிழ்ல பேசினா சொந்தக்காரன்னு நினைச்சுடறேன்.”

படகு வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.