தானே பச்சையாகும் எண்

ஆம்பூரில் நான் வேலை செய்த தோல் தொழிற்சாலையில், தோலைச் சீவி மெலிதாக்கும் ஷேவிங் மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அதில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். தோலின் கனம் பார்த்த அளவை இனி அதில்தான் ஏற்ற வேண்டும் என்றார் மேனேஜர். கனம் பார்ப்பது நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பதினேழு வருடம் தோல் பதனிடும் டிரம்மில் ஈரத்தோல் ஏற்றி இறக்கி, கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணான பிறகு கிடைத்த வேலை அது.

ஷூவின் மேல்தோல் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். முன்பெல்லாம் கேஜில் அளந்து தோலின் உள்பக்கம் கிரேயானால் ஒரு கோடு போடுவேன். சரியாக இருந்தால் பச்சை, கம்மியானால் சிவப்பு, ஜாஸ்தியானால் மஞ்சள். மஞ்சள் போட்டதை மட்டும் மறுபடி சீவுவார்கள்.

கம்ப்யூட்டரில் எல்லா எண்ணும் ஒரே கறுப்பாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டத்துக்கு வண்ணம் அடிக்கும் வாளிப் படம் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கட்டமாகப் பச்சை, சிவப்பு, மஞ்சள் அடித்தேன். ஷேவிங் மெஷின் ஓட்டும் பாய் கண்ணாடிக்கு வெளியே நின்று, மஞ்சளாகத் தெரியும் தோல்களின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பாய் சீவி முடித்த தோல்களை மறுபடி அளந்து புதிய எண்ணைப் போட்டேன். 1.6 இருந்த இடத்தில் 1.3 வந்தது. வண்ணத்தை மாற்ற மறந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்த பாய் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். கட்டங்கள் இன்னும் மஞ்சள். சரியாக இருந்த பதினொரு தோல்களை எடுத்து மீண்டும் சீவிவிட்டார். தோலைச் சீவினால் சீவினதுதான். திரும்ப ஒட்ட முடியாது.

மேனேஜர் தோலை விரலால் தடவிப் பார்த்துக் கத்தினார்.

"யார்யா இதச் சீவச் சொன்னது? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்கு?"

"மஞ்சளா இருந்துச்சு சார், சீவுனேன். நான் இன்னா ஜோசியமா பாக்குறேன்?" என்றார் பாய்.

கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை நான். அன்று எப்படியோ பேசிவிட்டேன். "சார், தப்பு என்னுது. பாய் மேல ஒண்ணுமில்ல."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை அடுத்த லாட்டு வருது. அதுல ஒரு தோல் இப்படி ஆனாலும் நீ டிரம்முக்கே போய்டு. இங்க படிச்சவன் ஒருத்தனப் போட்டுக்குறேன்."

சனிக்கிழமை மதியம், ஆபீசில் டைப் செய்யும் மேடத்திடம், வண்ணம் மாற்ற மறக்காமல் இருக்க வழி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். வேலூரிலிருந்து ரயிலில் வருகிறவர், டீச்சர் வீட்டுப் பெண்.

"ஒவ்வொண்ணா நீங்க ஏன் அண்ணே பெயிண்ட் அடிக்கிறீங்க? நம்பரப் பாத்து அதுவே கலர் மாத்திக்கும். கம்ப்யூட்டர் கிளாஸ்ல ஒரு வாட்டி காட்டுனாங்க" என்று சொல்லி, தேடி எடுத்துக் கொடுத்தார். மேல் வரிசையில் ஐந்தாவது சொல், அதைத் திறந்தால் ஆறாவது. 'இடையில்', 'விடக் குறைவு', 'விட அதிகம்' என்று எது எது எங்கே என்பதைத் தாளில் தமிழில் எழுதி வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

அதை அழுத்தினால் திறக்கும் பெட்டியில், எந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்று மூன்று விதிக்குத்தான் இடம். எனக்கு வேண்டியதும் மூன்றுதான். 1.2-ஐ விடக் குறைந்தால் சிவப்பு, 1.2 முதல் 1.4 வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள். போட்டு முடித்து ஓகே கொடுத்தேன். இன்னும் ஒரு எண்கூட ஏற்றாத பக்கம், மேலிருந்து கீழ்வரை ரத்தச் சிவப்பாகிவிட்டது.

எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.  ஒரு கட்டத்தில் 1.3 அடித்தேன், பச்சையானது. அழித்தேன், மறுபடி சிவப்பு. பூஜ்யம் அடித்தேன், அதே சிவப்பு. காலியாக விட்டாலும் பூஜ்யம் அடித்தாலும் இதற்கு ஒன்றுதானா என்று யோசித்தேன். எழுதாத கட்டத்தையும் கனமே இல்லாத ஒரு தோல் என்று இது எண்ணிக்கொள்கிறது! அப்படியானால் 'குறைவு' என்று சொல்லக் கூடாது. எங்கள் கேஜில் 1.2-க்குக் கீழே அடுத்த அளவு 1.1தான். சிவப்பின் விதியை 0.1-க்கும் 1.1-க்கும் இடையில் என்று மாற்றினேன். பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அந்த அறையில் யாரும் இல்லை. இருந்தும் வெட்கமாக இருந்தது, அவ்வளவு சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை பாய் கண்ணாடியை நம்பவில்லை. "போன வாரம் மாதிரி பேஜார் பண்ணிடாத தோஸ்த்" என்று உள்ளேயே வந்து நின்றுகொண்டார். பதினான்காம் தோல் 1.6, மஞ்சள். அவர் சீவிக் கொண்டுவந்தார். அளந்து 1.3 என்று அடித்தேன். மஞ்சள் போய்ப் பச்சை வந்தது.

"நீ கலரத் தொடவேயில்லையே!"

"நம்பர்தான் பாய் போட்டேன்."

"இன்னொரு தபா போடு."

மூன்று தடவை போட்டுக் காட்டினேன். அவர் போய் மேனேஜரையே கூட்டி வந்துவிட்டார்.

"யாரு, மேடம் போட்டுக் குடுத்தாங்களா?" என்றார் மேனேஜர்.

கூடவே வந்திருந்த மேடத்திடம் காலையிலேயே நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் சத்தமாகவே சொன்னார். "நான் எடத்தக் காட்டுனதோட சரி சார். விதியெல்லாம் அவரு போட்டது. காலிக் கட்டம் சிவப்பாவுறத எப்படி நிறுத்துறதுன்னு எனக்கே தெரியாது."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் குனிந்து திரையைப் பார்த்தார். "சரி, அடுத்த தோலப் போடு" என்றார். அவ்வளவுதான். அந்த லாட்டில் ஒரு தோலும் தேவையில்லாமல் இரண்டாம் தடவை சீவப்படவில்லை. டிரம் பக்கம் நான் திரும்பிப் போகவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனியின் இன்னொரு யூனிட்டிலும் இதைப் போட்டுக் கொடுக்கச் சொல்லி என்னை ஜீப்பில் அனுப்பினார்கள். டிகிரி படித்த இரண்டு பேர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "சார், குறைவுன்னே போடலாமே, ஏன் 0.1-லேர்ந்து ஆரம்பிக்கிறீங்க?"

என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. 

"காலிக் கட்டத்தயும் அது தோல்னு நெனச்சிக்கும்" என்றேன். இருவரும் அதை எழுதிக்கொண்டார்கள்.