புகைக்கூடத்துக் கோல்

மாமா இந்தத் தோட்டத்தில் இருக்க வேண்டியவரே இல்லை என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பந்தாட்டத்தில் புகைக்கூடத்துக் கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தபோது. எனக்கு ஒன்பது வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

கூவுவதுதான் என் வேலை. குளுவாங் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பந்து ஆட ஒரே ஒரு வெட்டவெளிதான் உண்டு. அதுவும் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்தை ஒட்டி இருந்தது. மாலையானால் புகை இறங்கி, அந்தப் பக்கத்துக் கோல் கம்பங்களை மூடிவிடும். ஆகவே கோலுக்குப் பின்னால் யாராவது நின்று குரல் கொடுக்க வேண்டும். ஆடுகிறவர்கள் கண்ணை விட்டுவிட்டுக் காதை வைத்து உதைப்பார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையை லயம் என்போம்; மேட்டு லயத்தார் ஒரு கட்சி, பள்ளத்து லயத்தார் ஒரு கட்சி. அவரவர் லயத்துப் பக்கம் இருக்கும் கோலை அவரவர் காக்க வேண்டும்; ஆட்டம் முடியும்வரை அதில் மாற்றமே கிடையாது. நாங்கள் மேட்டு லயம்; புகைக்கூடத்துக் கோல் பள்ளத்தாருடையது. அம்மாவின் தம்பியான மாமா, என் குரலைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் உதைத்தால் பந்து தப்பாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மச்சினர் ஜொகூர் பாருவிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார். அங்கே ஏதோ அரசாங்க அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். மாமா மூன்று கோல் போட்டதைப் பார்த்துவிட்டு, தங்கள் அலுவலகத்துக்கு ஒரு பந்துக் குழு இருப்பதாகவும், நன்றாக ஆடுகிறவனுக்குப் பியூன் வேலையும் குடியிருக்க இடமும் கிடைப்பதாகவும் கிராணியிடம் சொன்னார். அந்த நிமிடமே நான் மனசுக்குள் ரயிலேறிவிட்டேன். மாமாவுக்கு வேலை, எங்களுக்கு டவுன், எனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் இல்லை. இருந்த புத்தகத்தை நான் இரண்டு தடவை மனப்பாடம் செய்து முடித்திருந்தேன். மாமாவை நச்சரித்து நச்சரித்து அந்த மச்சினர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு ஆட்டம் ஆடட்டும், ஜெயித்தால் அலுவலகத்துப் பெரியவர்களிடம் பேசுகிறேன் என்றார் அவர்.

ஆனால் ஆட்டம் வெள்ளிக்கிழமை. ஜொகூரில் அரசாங்கத்துக்கு வெள்ளிதான் விடுமுறை, தோட்டத்துக்கோ ஞாயிறு. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். மாமா லீவு கேட்கப் போனபோது கங்காணி வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: “வெள்ளிக்கிழம பெரட்டுல நீ இல்லன்னா சனிக்கிழம உன் பேரு இருக்காது. அப்புறம் என் வாசல்ல வந்து நிக்காத.”

மாமா திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தைரியம் சொன்னவள் நான்தான்.

“கோல் போட்டுட்டா அந்தப் பெரட்டே நமக்கு வேணாமே, மாமா.”

அவர் சிரித்தார். நானும் கூட வந்து கோலுக்குப் பின்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கால் ஓடாது என்றார்.

ஜொகூர் பாரு மைதானத்தில் புல் பச்சையாக விரிந்து கிடந்தது. துரை பங்களாவில்கூட அப்படிப் புல் கிடையாது. ஒரு பக்கம் கூரை போட்ட மரப்படிகள்; அதில் தொப்பி வைத்த துரைமாரும் மலாய்க்காரப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஜனங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். கோல் கம்பங்களில் வலை கட்டியிருந்தது. மீன் பிடிக்கிற சாமானை இங்கே எதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே, மாமா காட்டிய கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு தமிழர் கூடையை வைத்துக் கச்சாங் பூத்தே என்னும் வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டத்துக்கு முன்பே மாமா ஒரு கோல் போட்டுவிட்டார். எதிர்க்கட்சியும் ஒன்று போட்டது. இடைவேளையில் பெருமழை பிடித்துக்கொண்டது. கடலைக்காரர் குடைக்குள் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தார். நான் தின்று முடித்து நிமிர்ந்தபோது ஆட்டம் மறுபடியும் தொடங்கியிருந்தது. எதிர்க் கோலே தெரியாத மழை. இந்த மழையில் மாமாவுக்கு நான் இல்லாமல் எப்படி என்று பழைய இடத்துக்கே ஓடினேன்.

வெகுநேரம் கழித்து மாமா பந்தைத் துரத்திக்கொண்டு என் பக்கம் வந்தார். நாலைந்து பேர் அவரை மொய்த்தார்கள். முகத்தில் தண்ணீர் வழிந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “மாமா, இங்க, இங்க” என்று உயிரைக் கொடுத்துக் கூவினேன். ஒரு நொடி அவர் தலை திரும்பியது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து பந்து நேராக என் குரலுக்கு வந்து வலையில் விழுந்தது.

நான் கை தட்டிக் குதித்தேன். வேறு யாரும் குதிக்கவில்லை.

“அலமாக். யாருக்கு பாப்பா கை தட்டுற?” என்றார் கடலைக்காரர். “சேம் சைட் கோல் அது. பாதி ஆட்டம் முடிஞ்சா பக்கம் மாத்திக்குவாங்க, தெரியாதா?”

மரப்படிகளில் யாரோ சிரித்தார்கள். மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு கோலில் குழு தோற்றது. கிராணியின் மச்சினர் எங்களிடம் வந்து, திசை தெரியாதவனுக்கு என்ன சொல்லி வேலை கேட்பது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குடையை விரித்துக்கொண்டு போனார்.

ரயிலில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் கூவியதைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டில் அம்மா கேட்டபோது மாமா சொன்னார்:

“மழைல கண்ணு தெரியல, அக்கா. பாப்பா பாவம், அதுபாட்டுக்கு ஒரு குடைக்கடியில கடல தின்னுக்கிட்டு நின்னுச்சு. ஆட்டத்தையே பாக்கல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழு ஆட்டத்தையும் பார்த்தவளை இப்படிச் சொல்கிறாரே என்று அன்று சோறு தின்னாமல் படுத்தேன். அம்மாவும் அப்பாவும் என்னை ஒரு சொல் கேட்காமல் இருப்பதற்காகத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார் என்பது தெரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின. தெரிந்தபோது சொல்வதற்கு அவர் இல்லை. காஹாங் தோட்டம் ஒன்றில் காய்ச்சலில் போய்விட்டதாக ஆள்மூலம் செய்தி மட்டும் வந்தது.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள், சனிக்கிழமைப் பெரட்டில் அப்பாவின் பேருக்கு அடுத்தது மாமாவின் பேர். கங்காணி அதைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட்டார். கடைசிப் பேர் முடிந்து எல்லோரும் மரங்களுக்குப் போன பிறகும் மாமா ரப்பர் பால் வாளியோடு அங்கேயே நின்றார். பேர் இல்லாதவன் லயத்தில் தங்கக் கூடாது. மத்தியானம் அவர் துணிகளை மூட்டை கட்டினார்; அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நான் மட்டும் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். தப்பு எங்கே என்று நான் கண்டுபிடித்துவிட்டிருந்தேன். இனிமேல் நம் தோட்டத்திலும் பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றி ஆட வேண்டும், நானும் இடம் மாறி நிற்பேன், பத்து ஞாயிறு ஆடினால் பழகிவிடும், அப்புறம் எந்த ஊர் மைதானமானாலும் பயமில்லை என்றேன்.

மாமா முடிச்சை இறுக்கிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி பாப்பா. அப்படியே செய்வோம்” என்றார்.

அவ்வளவு போதும் எனக்கு. நாளைக்கே ஞாயிறு. பள்ளத்து லயத்தார் சம்மதித்தால்தானே பக்கம் மாற்ற முடியும்? அவர்களை இன்றைக்கே பேசி மடக்கிவிட வேண்டும் என்று, அவர் மூட்டையைத் தோளில் தூக்குவதற்கு முன்பே, சரிவில் இறங்கி ஓடினேன்.