கூலி எழுதாத எஸ்டிமேட்

எஸ்டிமேட் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள மண்ணூர்பேட்டையில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுதான் வருத்தம். கிரில் கேட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, ஷெட்டுக்குக் கூரை என்று எதைக் கேட்டாலும், இரும்பு எத்தனை கிலோ, வெல்டிங் ராடு எத்தனை பாக்கெட், கூலி எவ்வளவு என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். முப்பது வருஷம் ஒரே பட்டறையில் இந்த வேலைதான். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேனில் ஏற்றிக் கோவில்பதாகை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் எஸ்டிமேட் போட எனக்கு ஒன்றும் இல்லை. கத்தரிக்காய் விற்கிறவனிடம் தராசை வாங்கித் தட்டைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு இறங்கிவிட்டேன். அப்போதுதான், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் யாரோ ஒரு வழவழத் தாளைக் கையில் திணித்தார்கள். காட்டுப்பாக்கம் தாண்டி, ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் ஒரு குடியிருப்பு. நரைத்த தலைக்காரர் ஒருவரும் அவர் சம்சாரமும் ஷட்டில்காக் ஆடுகிற படம். இரண்டு பேருக்கும் எல்லாப் பல்லும் இருந்தது. நான் பார்த்துச் சிரித்தேன். என் மனைவி அதை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். மூன்று வேளையும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடு என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டதாக அதற்கு முன்னால் ஒன்றும் என் நினைவில் இல்லை.

ஒருதரம் அல்ல, ஆறு தரம் போனோம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியில் ஓட்டலில் சாப்பிட்டுக் காசைக் கரியாக்குவானேன் என்று நான் சொன்னதால், ஒவ்வொரு தரமும் அவள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்தாள். சமைக்கவே தேவையில்லாத இடத்தைப் பார்ப்பதற்கு ஆறு தரம் சமைத்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதையும் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். நான் சாப்பிட்டு முடித்ததும் டப்பாவில் மிச்சம் இருந்ததை அவள் சாப்பிட்டாள்.

மேனேஜர் டை கட்டிய பையன். முதியோர் இல்லம் என்று நான் வாய் தவறிச் சொன்னதற்கு, "இல்லம் இல்ல அங்கிள், கம்யூனிட்டி" என்று திருத்தினான். கட்டிலுக்குக் கட்டில் அவசர மணி உண்டு. அழுத்திப் பார்த்தேன். மணி வாட்ச்மேன் அறையில் அடித்தது, வாட்ச்மேன் டீக்கடையில் இருந்தார். எல்லா மதத்தாருக்கும் பொதுவான தியான அறையில் கேரம் போர்டு அடுக்கி வைத்திருந்தார்கள். மருத்துவ வசதி என்பது புதன்கிழமைதோறும் வருகிற டாக்டர். மற்ற ஆறு நாளும் நெஞ்சு வலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. பிடித்து ஆட்டினேன். பொட்டு வைத்த மாதிரி நாலு இடத்தில் வெல்டிங், அவ்வளவுதான். என் பட்டறையில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, அவர்கள் கையெழுத்துப் போடச் சொன்ன பத்திரம். டெபாசிட்டுக்கு என் பி.எஃப். பணம் மொத்தமும் போய்விடும். மாதக் கட்டணம் தனி. நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடினால் வீடு கம்பெனிக்கே திரும்பிவிடும், பிள்ளைக்கு டெபாசிட்டில் கால்வாசி. ஓசூரில் இருக்கிற என் மகன், "உங்க இஷ்டம்பா" என்று போனில் சொன்னான். அந்த இஷ்டத்தில் எவ்வளவு கஷ்டம் இருந்தது என்பது எனக்கல்லவா தெரியும்? சர்ச்சில் எங்களைப் பார்த்தவர்கள், பெற்ற பிள்ளை இருக்கும்போது இப்படி ஒரு கதியா என்று உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டியவர்களில் சிலர் அந்தத் தாளைக் கீழே போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டதையும் நான் கவனித்தேன்.

கடைசித் தரம் போனபோது வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா அண்ணாத்தே, இத்தினி வாட்டி வந்துகினு போய்கினு கீறே. நான் நாத்து நட்ட நெலம் இது. ஐப்பசில வந்து பாரு, முட்டி வரிக்கும் தண்ணி நிக்கும்" என்றார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடித்தானே ஆறு தரம் போனேன்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் முழு நீளத் தாளில் கோடு போட்டு எஸ்டிமேட் தயார் செய்தேன். இடது பக்கம் நம் வீடு, வலது பக்கம் அவர்கள் வீடு. அரிசி, பருப்பு, கேஸ், கரண்டு, வரி, ரிப்பேர் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நம் வீடு பாதிக்கும் குறைவான செலவில் ஜெயித்தது. டெண்டரைப் பிரித்துப் படிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி இடது பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"கூலி எங்க?" என்றாள்.

எந்தக் கூலி என்று கேட்டேன்.

"சோறாக்குற கூலி. பாத்திரம் கழுவுற கூலி. ஒரு ஜன்னல் கம்பிக்கி எஸ்டிமேட் போட்டாக்கூட வெல்டர் கூலிய வுடமாட்டேன்னு பெருமை பேசுவீங்க இல்ல?"

சொந்த வீட்டுக்கு எவளாவது கூலி கேட்பாளா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க ரிட்டயர் ஆயி ரெண்டு வருசம் ஆச்சு. நான் எப்போ ஆவறது?" என்று கேட்டுவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. கணக்கில் என்னையே மடக்குவதா? சரி, கூலிதானே, போட்டுக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். வெல்டர் ரேட்டு கொடுக்கவில்லை. ஹெல்பர் ரேட்டு, அதிலும் அரை நாள் கூலி. ஓவர்டைம் இல்லை, போனஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கழிக்கப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் கறிக்குழம்பு, அன்றைக்குத்தான் வேலை அதிகம், கழிக்க முடியவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தேன். இருபத்தேழாவது வருஷத்திலேயே டெபாசிட் தொகையைத் தாண்டிவிட்டது. மேலே ஒன்பது வருஷம் பாக்கி கிடந்தது. இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தேன், தப்பு இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோவில்பதாகை வீட்டை வாடகைக்கு விட்டு, பங்குனியில் குடிபோனோம். முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் முதலில் அவள் தட்டில்தான் சோறு போட்டார். அவள் தட்டை என் பக்கம் தள்ளப் போனாள். எனக்கும் வருகிறது என்று சொல்லித் தடுத்தேன்.

சாம்பாரில் உப்பு இல்லை, ரசம் வெந்நீர். இப்படி ஒரு குழம்பை அவள் வைத்திருந்தால் நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போயிருப்பேன். போயும் இருக்கிறேன். மேனேஜரைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"பேசாம சாப்புடுங்க. நல்லாத்தான் கீது" என்றாள்.

ஆவி பறக்கிற சோற்றை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். ரசத்துக்கு இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்தில், என் மனைவி சூடான சோறு சாப்பிட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.