கப்பல் தலைவனின் குறை

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கேங்கில் நான் இருந்தபோது, மதியச் சோற்றுக்குப் பிறகு ஓர் ஆட்டம் ஆடுவோம். அதற்குப் பலகை கிடையாது, தாயக்கட்டை மட்டும்தான். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் இருந்த என் கூட்டாளி யாரோ வெளிநாட்டு மாலுமியிடம் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. அவன் கதை சொல்லுவான். நாங்கள் ஆளுக்கொரு வேஷம் எடுப்போம். வீரன், திருடன், மந்திரவாதி, எது வேண்டுமானாலும். வேஷத்துக்கு ஒரு பலம், ஒரு குறை. பலத்தை எல்லோர் முன்னும் சொல்லலாம். குறையை அவன் காதில் மட்டும் சொல்ல வேண்டும். சமயம் பார்த்து அதைக் கதையில் கொண்டுவருவான். தாயம் விழுந்தால் தப்பலாம்.

நான் கப்பல் தலைவன் ஆனேன். பலம், அடுத்த கப்பலுக்கே கேட்கிற குரல். மேஸ்திரியிடம் தலையாட்டுவதற்கு மேல் பேசாத எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது.

குறைக்குத்தான் கற்பனை வரவில்லை. உள்ளதையே சொன்னேன். கப்பலின் அடியறைக்கு இறங்கும் இரும்பு ஏணியைக் கண்டால் எனக்குக் கால் உதறும். மேல்தட்டு வேலையையே கேட்டு வாங்கிச் சமாளித்து வந்தேன். தெரிந்தால் மேஸ்திரி கேங்கிலிருந்தே எடுத்துவிடுவார். அவனுக்கும் அது தெரியும்.

ஒரு நாள் மேஸ்திரியும் பார்க்க உட்கார்ந்தார்.

"தலைவரே, கீழ தண்ணி பூந்துகினு கீது. ஏணில எறங்கு," என்றான் கூட்டாளி.

உருட்டினேன். தாயம் விழவில்லை. கப்பல் தலைவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறான் என்றான்.

"கப்பல் ஓட்றவன் ஏணிக்கு பயப்படுவானா? இன்னா நைனா கத வுடுற," என்றார் மேஸ்திரி.

"கத இல்ல மேஸ்திரி. இவனுக்கு நெசமாவே அப்டித்தான். இவன் எறங்கி என்னிக்காவது பாத்துகீறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

மறுநாள் என்னைக் கிடங்கில் மூட்டை அடுக்கப் போட்டுவிட்டார். சாயங்காலம் கூட்டாளி டீக்கடைக்கு வந்தான்.

"சிரிப்புக்கு சொன்னேன் மாமு. இதுக்கு போய் பேஜாராவுறியே."

நான் டீயை உறிஞ்சினேன்.

"உன் கப்பல் தலைவன புதுசா வந்தவன்கிட்ட குட்த்துட்டேன். கொறய மட்டும் மாத்திட்டோம். இனிப்ப கண்டா வுடமாட்டான்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன். கேங்கில் மற்றவர்கள் அவன் காதில் சொன்னதெல்லாம் அந்த மாதிரிதான் இருந்திருக்கும், இனிப்பு, பூனை, தூக்கம் என்று. அவனை நம்பி உண்மையைச் சொன்னவன் நான் ஒருவன்தான். அதன் பிறகு சோற்றைக் கிடங்குக்குள்ளேயே தின்றேன்.