மாமாவின் வரியை அப்பா பாடிய வெள்ளிக்கிழமை

பெரிய வெள்ளியன்று எங்கள் தென்காசி சர்ச்சில் மணி அடிக்காது, கீபோர்டும் வாசிக்கக் கூடாது. அதனால்தான் அந்த வருடம், பாடகர் குழுவை நடத்தும் அத்தைக்கு மோட்டெட் என்ற பல்குரல் பாட்டின்மேல் ஆசை வந்தது. குரல் மட்டும் போதும். ஓர் அடியை மேல்குரல் பெண்கள் தொடங்க, அது முடியுமுன் கீழ்க்குரல் பெண்கள், பிறகு ஆண்களில் உயர்குரலான டெனர், கடைசியில் அடிக்குரலான பேஸ். ஒவ்வொரு குரலுக்கும் மெட்டில் தனி வரி. ஒருவர் விட்டால் மொத்தமும் சரியும். எனக்கு வயது பத்து, கீழ்க்குரல்.

அத்தைக்குக் கிடைத்த ஆண்கள் இருவர்தான். டெனர் அப்பா. பேஸ் அத்தையின் கணவர், என் அம்மாவின் அண்ணன். ஒரு வரப்புத் தகராறில் அப்பாவும் மாமாவும் பேசி இரண்டு வருடம். குற்றாலத்தில் மாமா வீட்டு மாடியில் ஒத்திகை நடக்கும்போதும் தூது நான்தான்.

"ஏட்டி, ஒங்கப்பாட்ட சொல்லு, மூணாவது அடியில தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி இழுக்காருன்னு."

இரண்டடி தள்ளி நின்ற அப்பா, "ஒங்க மாமாட்ட சொல்லு, லாரி ரிவர்ஸ் எடுக்க மாதிரி பாடுதாருன்னு" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை போலீஸ்கார மாமாவுக்குப் புளியறை செக்போஸ்டில் டூட்டி. மதியமே வந்துவிடுவதாகச் சொன்னவர் மூன்று மணிக்கும் வரவில்லை. பாதர் ஆரம்பிக்கச் சொல்லித் தலையசைத்துவிட்டார். அத்தை அப்பா பக்கம் திரும்பினாள்.

"அவிய இல்லாம எப்படிண்ணே?"

அப்பா வாசலைப் பார்த்தார். "நீ ஆரம்பிம்மா."

மேல்குரல் போனது. நாங்கள் போனோம். அப்பா சேர்ந்தார். அடுத்து மாமாவின் இடம்.

அந்த இடத்தில் அப்பா தன் வரியை அப்படியே விட்டுவிட்டு மாமாவின் வரியை எடுத்தார். அதே ரிவர்ஸ் லாரி! இப்போது டெனர் இல்லை. பிடிமானமில்லாமல் நான் மேல்குரல் பக்கம் நழுவினேன். அத்தை கண்ணாலேயே அடித்தாள். மூன்றாவது அடி வந்தபோது பின்னாலிருந்து டெனர் கேட்டது. கதவருகே காக்கி உடுப்பில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், கழுத்து நரம்பு புடைக்க மாமா. அப்பாவின் அந்த இழுப்பைக்கூட அவர் விடவில்லை. எப்படியோ நால்வகைக் குரலும் ஒன்றாக வந்து நின்றன.

வெளியே வந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். "ஒங்கப்பாட்ட சொல்லு, அவரு எடத்த அவரு விடக் கூடாதுன்னு."

சொன்னேன்.

"சரின்னு சொல்லு" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம். பத்து வயதுக்காரி நானே என் வரியைக் காப்பாற்றத் தவித்தபோது, பெரியவர்கள் இருவரும் மாற்றிப் பாடிவிட்டார்களே! வீடு வரும்வரை அம்மாவிடம் அதையே புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் வரியை மற்றவர் எப்போது படித்தார் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.